மரவீட்டுக்கு அப்புறம்

மாப்ளே,

நீ பாட்டுகளை அனுப்பி நாலு மாதம் ஆகிவிட்டது. நான் ஒரு வரிகூட பதில் போடவில்லை. வேலை இருந்தது, சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் காரணம் இல்லை. ஆறு பாட்டையும் வந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன். என்ன சொல்வது என்று பிடிபடாமல்தான் பேசாமல் இருந்தேன். மன்னித்துக்கொள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மொட்டை சொன்னான். நான் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ஓ க்ளேர் போய்வந்தேன். மினியாபொலிஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். விஸ்கான்சினில், இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் மரம் அறுத்துப் பிழைத்தது, பிறகு டயர் செய்து பிழைத்தது. 1992-இல் யூனிராயல் டயர் ஆலையை மூடியபோது ஆயிரம் பேருக்கு மேல் வேலை போனது. அந்தக் கட்டடத்துக்கு இப்போது பான்பரி பிளேஸ் என்று பெயர். உள்ளே சின்னச் சின்ன கம்பெனிகளும் ஓவியர்களின் அறைகளும் இருக்கின்றன. பொன்மலைப் பணிமனையை இழுத்து மூடிவிட்டு உள்ளே படம் வரைகிறார்கள் என்று நினைத்துப் பார், அப்படி இருந்தது எனக்கு.

எதற்குப் போனேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பாட்டுகளோடு நீ எழுதிய வரி அப்படியே மனதில் நிற்கிறது: "ஜஸ்டின் வெர்னன் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்தேன்டா, யாரும் தேவைப்படவில்லை." அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

வெர்னன் அந்த ஓ க்ளேர்க்காரன், போன் ஈவேர் என்ற பெயரில் பாடுகிறவன். அவன் கதையை உனக்கு முதலில் சொன்னவனே நான்தான். ஓ க்ளேரில் ஒன்றாக வாசித்த நண்பர்கள் ஊரைவிட்டு வட கரோலினாவின் ராலேக்குக் குடிபோனது, அங்கே 2006-இல் குழு உடைந்தது, உடம்பும் கெட்டு அவன் காட்டுக்குள் இருந்த அப்பாவின் மரவீட்டுக்குப் போய்க் குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்து பாடிப் பதிவு செய்தது, 2007-இல் வெறும் 500 சிடி போட்டது. அந்த ஆல்பத்தை நீ எத்தனை தடவை கேட்டாய் என்று உறையூர் மொட்டைமாடிக்குத் தெரியும். ஆனால் உனக்குக் கதை அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தப்பு.

அப்புறம் அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். பேர் வந்ததும் நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கோ ஓடிவிடவில்லை. 2008-இல் அண்ணன் தம்பி இருவருமாகச் சேர்ந்து, பக்கத்தில் ஃபால் க்ரீக்கில், மூடிக்கிடந்த ஒரு கால்நடை மருத்துவமனையை வாங்கினார்கள். அதில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதன் மேல்தான் ஸ்டூடியோவைக் கட்டினார்கள். அவன் வளர்ந்த வீட்டிலிருந்து மூன்று மைல். குழு சேர்ந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷான் கேரி என்று அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தாள வாத்தியம் படித்த பையன். முதல் ஆல்பத்தின் பாட்டுகளைக் காதால் கேட்டே பாடம் செய்துகொண்டு, வெர்னனின் முதல் கச்சேரிக்கு வந்து "நான் வாசிக்கிறேனே" என்று கேட்டுச் சேர்ந்துகொண்டான். இன்னொருவன் மைக் நாய்ஸ். பள்ளிக்கூட நாளில் வெர்னனிடமே கிதார் படித்தவன். பெரிய ஊரில் தேடிப் பிடித்த ஆட்கள் இல்லை. ரசிகனும் மாணவனும்.

2011-இல் அந்த ஸ்டூடியோவில் செய்த இரண்டாவது ஆல்பம் வந்தது. அந்தச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஓ க்ளேர் ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை முழுசாகக் கேட்டேன். முதல் பாட்டு 'பெர்த்'. ஒரு கிதார் மட்டும், அப்புறம் குரல்கள், கொஞ்ச நேரம் பழைய மரவீடு மாதிரியே இருக்கும். அதற்குள் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஸ்நேர் டிரம் வந்து சேரும். கடைசியில் ஊதுகருவிகளும் டிரம்ஸும் சேர்ந்து அப்படியே இடிந்து விழுகிற மாதிரி வரும் பார், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காலின் ஸ்டெட்சன் என்று ஒருவர் சாக்ஸபோனில் வருகிறார். நம் ஊர் ஒத்துக்காரர் மூச்சு விடாமல் சுருதி பிடிப்பாரே, அதே வித்தை தெரிந்த மனிதர். கிரெக் லீஸின் பெடல் ஸ்டீல் கிதார் இருக்கிறது, வயலின்கள் இருக்கின்றன. கடைசிப் பாட்டில் எண்பதுகளின் கீபோர்டு சத்தம்; நம் கீபோர்டு அண்ணன் கேட்டால் எழுந்து நின்றுவிடுவார். 'டவர்ஸ்' என்று ஒரு பாட்டு. அது அந்தப் பல்கலைக்கழக விடுதியின் பெயர். நம் விடுதியின் பெயரில் யாராவது பாட்டு போட்டிருக்கிறார்களா சொல்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த ஆல்பத்திலும் அடித்தளம் முழுக்க அவன் தனியாகப் போட்டதுதான். குரல் அடுக்குகளைப் பெரும்பாலும் அவனேதான் பாடியிருக்கிறான். அதற்குப் பிறகு ஆட்களை உள்ளே விட்டு, பாட்டை மாற்ற அவர்களுக்கு இடம் கொடுத்தான். அதை அவனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறான். ஆகவே தனியாக உட்கார்ந்து எழுதாதே என்று நான் சொல்லவில்லை. எழுது. எழுதிய பிறகு கதவைத் திற என்கிறேன்.

ஏனென்றால் உன் நாலாவது பாட்டு, அந்தக் கொள்ளிடம் பாட்டு, என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எட்டு மாத்திரை காலியாக விட்டிருக்கிறாய். அங்கே உன் விரல் கிதார் மரத்தில் தட்டுகிற சத்தம் லேசாகக் கேட்கிறது. தட்டுவது நீதான், ஆனால் அது யார் கை என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷம் உன் இடது பக்கம் உட்கார்ந்து தபேலா வாசித்தவன் கை. அந்த இடத்தை அவனுக்கென்று நீயே ஒதுக்கிவைத்துவிட்டு, யாரும் தேவைப்படவில்லை என்று எழுதுகிறாய். எனக்குக் கோபமே வந்தது மாப்ளே.

தஞ்சாவூர் ரோட்டில் அன்று நடந்ததில் அவன் பக்கம் தப்பு இருக்கிறது. உன் பக்கமும் இருக்கிறது. மேளக்காரர் வீட்டுத் திண்ணையில் நான் ஒன்றும் பேசாமல் நின்றேனே, அதையும் சேர்த்துக்கொள். ஏழு வருஷம் போதும். போன மாதம் அவனோடு பேசினேன். வாசிப்பதே இல்லையாம், தபேலா பரண்மேல் கிடக்கிறதாம். "அவன் இன்னும் பாட்டு எழுதுகிறானா?" என்று மட்டும் கேட்டான். உன்னைக் கேட்காமல் நான் எதையும் அனுப்பவில்லை.

பொங்கலுக்கு மூன்று வாரம் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆறு பாட்டும் வேண்டாம், கொள்ளிடம் பாட்டை மட்டும் அவனுக்கு அனுப்பு. கூட எதுவும் எழுதத் தேவையில்லை. அவன் நம்பர் மாறவில்லை. தபேலாவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வாரு பிடித்துவைக்க அவனுக்கும் நாள் வேண்டும், அதனால் இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்ளே