தோட்டத்து டீச்சரின் சம்பளத்துக்கு உதவி கேட்கிறோம்

அன்புடையீர், வணக்கம்.

ஒத்தக்கடையில் எங்கள் குடியிருப்பை ஒட்டிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பொது இடம் இன்று காய்கறித் தோட்டமாக நிற்கிறது. வேலி, தண்ணீர்த் தொட்டி, விதை எல்லாம் உங்களைப் போன்றவர்கள் கொடுத்தவை. இந்த முறை பொருள் எதுவும் கேட்கவில்லை. தோட்டத்தைச் சொல்லிக்கொடுத்து நடத்துகிற ஒருவரின் சம்பளத்துக்காக எழுதுகிறோம்.

பிள்ளைகள் அவரைத் தோட்டத்து டீச்சர் என்பார்கள். போன பட்டத்தில் பூசணி பூத்துப் பூத்து உதிர்ந்தது, பிஞ்சு நிற்கவில்லை. உரம் பத்தவில்லை என்றார்கள் சிலர், கண்ணுபட்டுவிட்டது என்றார்கள் சிலர். டீச்சர் பிள்ளைகளை விடிந்ததும் வரச் சொன்னார். பூவுக்கு அடியில் குட்டிக் காய்போலப் புடைத்திருந்தால் பெண் பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவுக்குள் தடவக் காட்டினார். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும், அதனால்தான் அந்த அவசரம். தேனீ குறைந்த இடத்தில் நாமே செய்யவேண்டிய வேலை இது. பிஞ்சு நின்றது. அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகள் தங்கள் அப்பத்தாக்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவரையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறியபோதும் அப்படித்தான். கொடியில் ஊர்ந்த கறுப்புப் புழுக்களை நசுக்கப் போனவர்களைத் தடுத்து, அவை பொறிவண்டின் குஞ்சுகள், அசுவினியைத் தின்பவை என்று கையில் எடுத்துக் காட்டினார். வரப்போரம் தட்டைப்பயறு போட்டால் பொறிவண்டு தானாக வரும் என்றார். பூச்சிமருந்துக் கடைக்குக் கிளம்பியவர்கள் திரும்பிவிட்டார்கள்.

1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகம் கேட்க வழி உண்டு. ஆனால் கேட்டதைப் பாத்திக்குப் பாத்தி நின்று செய்யவைக்க ஓர் ஆள் வேண்டும்.

இதுவரை அவர் சம்பளத்தை ஏற்றிருந்த நன்கொடையாளரின் உதவி வைகாசியோடு முடிகிறது. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் தேவை. சேவையாக வரலாமே என்று சிலர் கேட்டார்கள். மேலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர், வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் வேலைக்கு உரிய கூலி கொடுப்பதுதான் முறை என்று குழுவில் ஒருமனதாக முடிவெடுத்தோம். தொட்டியில் பெயர் எழுதலாம், சம்பளத்தில் எழுத முடியாது, தெரிந்தேதான் கேட்கிறோம்.

ஆடிப்பட்டத்துக்கு விதை போடும்போது டீச்சர் பாத்தியில் நிற்கவேண்டும். ஆனி முடிவதற்குள் பாதித் தொகையாவது சேர்ந்தால் அவருக்கு உறுதி சொல்லிவிடுவோம். மாதம் நூறு ரூபாய் கொடுத்தாலும் பெரிய உதவி. மொத்தமாகக் கொடுக்க முடிந்தவர்கள் ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். குழுவின் கணக்கில் இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாது. வரவு செலவு மாதாமாதம் தோட்டத்து வாசல் பலகையில் ஒட்டப்படும். கொடுப்பதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள், அது வகுப்பு நடக்கும் நேரம்.

இப்படிக்கு,
தோட்டக் குழுவினர்,
ஒத்தக்கடை, மதுரை.