கொல்லைச் சருகும் ஆறுமணிக் குருவியும்

மயிலாடுதுறை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும், பேத்திக்கு வேலை கிடைத்ததும் அறிந்து மகிழ்ந்தோம். கமலாவுக்கு மழைக்காலத்தில் முட்டிவலி கூடுகிறது. மற்றபடி குறையொன்றும் இல்லை. கொல்லை முழுவதற்கும் சிமெண்ட் தளம் போடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

இங்கே ஆறுமணிக் குருவி வந்துவிட்டது. விளக்கேற்றும் நேரத்தில் பூவரசின் அடியிலிருந்து இரண்டே சுரத்தில் சீட்டியடிக்கும், விடியலிலும் அப்படியே. பகலில் வாழைக்கும் வேலிக்கும் நடுவே தத்தித் தத்திச் சென்று, மாஞ்சருகுகளை அலகால் புரட்டி எறிந்து, அடியில் நெளியும் புழுவைக் கொத்துகிறது. பச்சை முதுகும், சிவந்த அடிவயிறும், கட்டை வாலுமாக இருக்கும் அதைச் சருகுக்குள் கண்டுபிடிப்பது எளிதல்ல. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவுகளில் பறந்து தெற்கே வரும் இப்பறவை, இலங்கை வரைக்கும் போய்ச் சித்திரை வாக்கில் திரும்புகிறது. இந்தத் தெருவுக்கு அதைவிடச் சிறந்த விருந்தாளி வந்ததில்லை என்பது என் கட்சி.

கொடிக்கால் வாலாட்டியும் அதே சருகைத் தேடித்தான் வருகிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் இடுப்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். கிழக்கு சைபீரியா, கொரியா, சீனா போன்ற இடங்களில் கூடு கட்டும் பறவை, எங்கள் துவைகல்லுக்கு அருகே பூச்சி பொறுக்குகிறது!

கொடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்து வருவது உனக்குத் தெரியும். இத்தகைய ஆய்வுகளின் வழியாக, வலசைப் பறவைகள் பலவும் ஆண்டுதோறும் பழைய இடத்துக்கே திரும்புவது உறுதியாகியிருக்கிறது. அப்படியானால் உன் புங்கமரத்தடிக்கும் பழகிய பறவை ஒன்று இருக்கக்கூடும். அது இரை தேடி வந்து இறங்கும்போது சிமெண்ட் தளத்தில் எதைப் புரட்டும்? மழைநீர் கிணற்றுக்கு ஊறாமல் போவது வேறு.

பாம்பு வருமென்று தங்கச்சி அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதனால் வீட்டை ஒட்டிப் பத்தடிக்கு மட்டும் தளம் போட்டுக்கொண்டு, புங்கமரத்தடிச் சருகைப் பெருக்காமலும் கொளுத்தாமலும் விட்டுவிடு. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் அளவைக் குறைக்கச் சொல்லலாம். கார்த்திகையில் அங்கே வருகிறேன். பைனாகுலரை நான் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்