ஈரோடு கிழக்கு: சந்தைப் பணமும் வாக்குக்குத் தரும் பணமும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்களுக்கும்,

வணக்கம். ஈரோடு ஜவுளிச் சந்தையில் லுங்கியும் துண்டும் விற்கும் சிறு வியாபாரி நான். ஈரோடு கிழக்குத் தொகுதியின் வாக்காளர். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 அன்று இறந்தார். மகன் இருந்த இடத்துக்குத் தந்தை ஈ.வெ.கி.ச. இளங்கோவன் வந்தார், அவரும் 2024 டிசம்பர் 14 அன்று மறைந்தார். காலியிடத்தை நிரப்ப மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு ஆறு மாத அவகாசம் தந்தாலும், இரண்டு முறையும் இரண்டு மாதங்களுக்குள் வாக்குப்பதிவை நடத்தி முடித்தீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டே என் முறையீட்டை வைக்கிறேன்.

எங்கள் வாரச் சந்தைக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து சில்லறை வியாபாரிகள் ரொக்கத்தோடுதான் வருவார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், உரிய ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் வைத்திருப்பவரிடம் பறக்கும் படை பறிமுதல் செய்துவிடும் என்ற அச்சத்தில் அவர்களில் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். என்னிடம் பல ஆண்டுகளாகச் சரக்கெடுக்கும் பாலக்காட்டுப் பெரியவர் ஒருவர், வீடு வீடாகத் தவணைக்குத் துணி விற்று வசூலித்த பணத்தை ரப்பர் பேண்டு போட்டு மஞ்சள் பையில் கொண்டுவருவார். ஐம்பதும் நூறுமாகச் சேர்ந்த அந்த நோட்டுகளுக்கு அவர் எந்த வங்கிச் சீட்டைக் காட்டுவார்? பறிமுதலான பணத்தை அதிகாரிகள் குழு விசாரித்துத் திருப்பித் தரும் என்பது உண்மைதான். ஆனால் விசாரணை முடிவதற்குள் அந்த வாரச் சந்தை கலைந்துவிடும். போன இடைத்தேர்தலின்போது அவர் வரவேயில்லை, அவருக்கென்று எடுத்து வைத்த லுங்கிக் கட்டு பிரிக்காமலே கிடந்தது.

எங்களை இவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கும் அதே நாட்களில்தான், வாக்காளர்களைப் பட்டியில் அடைத்துப் பணம் தருவதாக 2023-இல் எதிர்க்கட்சிகள் புகார் சொல்லின. 2025-இல் அதிமுகவும் பாஜகவும் போட்டியிடாமலே ஒதுங்கின. அந்தப் புகார்களில் எது உண்மை என்று தீர்ப்பளிக்க நான் யாருமில்லை. ஆனால் ஆணையம் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதை பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016-இல் தேர்தலை ரத்து செய்தபோது பார்த்தோம். 2017 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ரத்து செய்தபோதும் பார்த்தோம். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ பிரிவு இருப்பதுபோல, பணப் பட்டுவாடாவுக்காக 58பி என்றொரு பிரிவைச் சேர்க்கும்படி மத்திய அரசிடம் கேட்டதும் தங்கள் ஆணையமே. அந்தக் கோரிக்கையை விடாமல் மீண்டும் வலியுறுத்த வேண்டுகிறேன்.

எங்கள் ஊரில் இனி ஓர் இடைத்தேர்தல் வருமானால், பணத்தை விடுவிக்கும் குழுவைச் சந்தை கூடும் நாளில் சந்தையிலேயே உட்கார வையுங்கள். முன்பு வாங்கிய சரக்கின் ரசீதைக் காட்டினால் அங்கேயே பணம் திரும்பக் கிடைக்கட்டும். அப்படி மிச்சமாகும் பறக்கும் படைகளைப் பிரசாரம் ஓய்ந்த பிறகு வரும் இரண்டு இரவுகளிலும் எங்கள் தெருக்களுக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஈரோடு கிழக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர்