கோல் அடிக்கிறவனுக்கும் அதே விதிதான்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் உன் அக்கா அப்போதே பாயசம் வைத்துவிட்டாள். படிப்புச் செலவில் கை கடித்தால் என்னிடம் சொல்லத் தயங்காதே. இங்கே எல்லோரும் நலம். அணையில் தண்ணீர் நிற்கிறது, பனி கொட்டுகிறது, இந்த வருடம் மாம்பூ எப்படி இருக்குமோ என்று தோட்டக்காரர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் நம் பொங்கல் செவன்ஸ் கால்பந்துப் போட்டியில் நம் கிளப்பின் அந்த இடதுகால் பையன் ஆடுகிறானா என்று கேட்டிருந்தாய். ஆடவில்லை. நாங்கள்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். போனில் இரண்டு வார்த்தையில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் விவரமாக எழுதுகிறேன். உன்னிடம் கேட்க வேண்டிய உதவியும் ஒன்று இருக்கிறது.

கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் அவன் குடித்துவிட்டு, கூட்டாளி ஒருவனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டைச் சாலையில் போயிருக்கிறான். மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு மொபெட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேல் மோதிவிட்டான். பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. இவனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. போலீஸில் வழக்குப் பதிவாகியிருக்கிறது.

மறுநாள் கிளப் கமிட்டி கூடியது. பெயரை அடித்துவிடுங்கள், கிளப் மானம் போகிறது என்றார் ஒருவர். பெரியவர் வீட்டுக்கு ஏதாவது கொடுத்துச் சமாதானம் பேசிவிடலாம், அவன் இல்லாமல் ஓசூர் அணியை நாம் எப்படி ஜெயிப்பது என்றார் இன்னொருவர். இருவரும் எதிரெதிராகச் சண்டை போட்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே பேச்சாகத்தான் கேட்டது. ஒருவருக்குக் கிளப்பின் பெயர், மற்றவருக்குக் கோப்பை. பையன் ஏன் குடிக்கிறான், பெரியவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

உலகத்தில் பெரிய பெரிய கிளப்புகளும் இந்த இடத்தில்தான் தடுமாறியிருக்கின்றன. லண்டனையே எடுத்துக்கொள். 1994ஆம் ஆண்டு நவம்பரில் அர்செனல் அணியின் பால் மெர்சன் குடி, சூதாட்டம், கோகோயின் மூன்றுக்கும் தான் அடிமையாகிவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். கிளப் அவரைக் கைவிடவில்லை. சிகிச்சைக்கு அனுப்பினார்கள், சில மாதங்களில் மறுபடி களத்தில் இறக்கினார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, அதே ஊரில் செல்சி அணியின் அட்ரியன் முட்டு கோகோயின் சோதனையில் மாட்டினார். செல்சி அவரை உடனே வேலையிலிருந்து நீக்கியது. அதோடு நிற்காமல் நஷ்டஈடு கேட்டு வழக்கும் நடத்தியது. ஒரு கோடியே எழுபது லட்சம் யூரோவுக்கு மேல் அவர் கிளப்புக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. விதிப்படி செல்சி செய்தது சரியாக இருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் நோயில் விழுந்த நேரத்தில் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை என்னால் மெச்ச முடியவில்லை. நீக்கிய பிறகும் முட்டு இத்தாலியில் நன்றாகவே ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கைவிடாமல் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அதற்கு டோனி ஆடம்ஸ் கதையைக் கமிட்டியில் விரிவாகச் சொன்னேன். அர்செனல் கேப்டன், அப்போது 23 வயது. குடித்துவிட்டுக் காரை ஒரு சுவரில் கொண்டுபோய் மோதினார். 1990 டிசம்பரில் நான்கு மாதச் சிறைத் தண்டனை விழுந்தது, பாதியில் வெளியே வந்தார். அந்தப் பருவத்தில் அர்செனல் லீக் போட்டிகளில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. அந்த ஒரு ஆட்டமும் அவர் சிறையில் இருந்தபோது நடந்தது. வெளியே வந்தவரை மாலை போட்டு வரவேற்காத குறைதான். பட்டமும் கிடைத்தது. குடி மட்டும் நிற்கவில்லை. தான் குடிநோயாளி என்று அவர் வாய்விட்டுச் சொல்ல 1996 ஆகிவிட்டது. நடுவில் கடந்த அத்தனை வருடமும் கோப்பை வந்துகொண்டிருந்தவரை அவர் கையிலிருந்த பாட்டில் பெரும்பாலானோர் கண்ணில் படவில்லை. பயிற்சியாளராக ஆர்சென் வெங்கர் வந்த பிறகு, குடியை விட்ட ஆடம்ஸ் தலைமையில் 1998இல் லீக் பட்டமும், இங்கிலாந்தின் இன்னொரு பெரிய போட்டியான எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்து வந்தன. தன்னைப் போல் சிக்கிக்கொள்ளும் விளையாட்டு வீரர்களுக்காக 2000ஆம் ஆண்டில் அவரே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அவர் அடித்த கோல்களை எல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

நம் சமாதானப் பேச்சுக்காரரிடம் நான் இதைச் சொன்னபோது அவர் என்ன கேட்டார் தெரியுமா? "ஆடம்ஸ் சிறைக்குப் போய் வந்து மறுபடி ஆடினாரே, நம் பையன் ஆடக் கூடாதா?" என்றார். ஆடம்ஸ் தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தார் ஐயா, நாம் தண்டனையே வேண்டாம் என்கிறோம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெர்சிக்கும் பந்துக்கும் பணம் கொடுக்கிறவர் அவர். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்டனையும் அரவணைப்பும் ஒன்றாகப் போக முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எரிக் கான்டோனா. 1995 ஜனவரியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகும்போது, தன்னைத் திட்டிய ரசிகர் மேல் பாய்ந்து உதைத்தார். மான்செஸ்டர் யுனைடெட் அந்தப் பருவம் முழுவதும் அவரை நிறுத்தி வைத்தது. கால்பந்துச் சங்கம் அதைச் செப்டம்பர் இறுதிவரை நீட்டியது. நீதிமன்றம் 120 மணி நேரச் சமூக சேவை விதித்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து ஆடக் கற்றுக்கொடுத்து அதை முடித்தார். அவர் இல்லாமல் யுனைடெட் அந்த வருடம் ஒரே ஒரு புள்ளியில் லீக் பட்டத்தை இழந்தது, எஃப்.ஏ. கோப்பை இறுதியிலும் தோற்றது. இவ்வளவு இழந்த பிறகும், மனம் வெறுத்துப் பாரிசுக்குப் போய்விட்ட கான்டோனாவைத் தேடிப் போனார் பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன். உட்கார வைத்துப் பேசித் திரும்ப அழைத்து வந்தார். அடுத்த பருவத்தில் இரண்டு கோப்பைகளும் வந்தன. அது வேறு கதை. பட்டம் போனாலும் பரவாயில்லை என்று நிறுத்தி வைத்தார்களே, அதுதான் பெரிய விஷயம் மாப்பிள்ளை. நம் பொங்கல் கோப்பை எம்மாத்திரம்?

ஜார்ஜ் பெஸ்ட்டை நினைத்தால் மட்டும் மனது ஆறுவதில்லை. பெல்ஃபாஸ்ட்டிலிருந்து 15 வயதில் மான்செஸ்டர் வந்த பையன், வந்த வேகத்திலேயே வீட்டு ஏக்கம் தாங்காமல் ஊருக்கு ஓடிவிட்டான். பயிற்சியாளர் மேட் பஸ்பி அவன் அப்பாவிடம் பேசித் திரும்ப வரவழைத்தார். ஃபுல்லவே என்ற அம்மாள் ஒருவரின் வீட்டில் தங்க வைத்தார். அந்த அம்மாள் சோறு போட்டார், இரவு எத்தனை மணிக்கு வருகிறான் என்று பார்த்துக்கொண்டார். பையன் 22 வயதில் ஐரோப்பாவின் சிறந்த வீரர் ஆனான். 1969இல் பஸ்பி ஒதுங்கினார். கையில் பணம் வந்தது, புகழ் வந்தது, சொந்த வீடு வந்தது, மது வந்தது. பயிற்சிக்கு வராவிட்டால் அபராதம் போட்டார்கள், விலக்கி வைத்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். 1974 ஜனவரியில், 27 வயதில் யுனைடெட்டோடு எல்லாம் முடிந்துபோயிற்று. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தும் தேறவில்லை. 2005 நவம்பர் 25 அன்று 59 வயதில் இறந்தார். அதே நவம்பர் 25 அன்றுதான், 2020இல், மரடோனாவும் போனார். அவருக்கும் அவர் ஆடிய இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரமே காவல் நின்றது என்பார்கள். நகரம் காவல் நின்றது அவருடைய கோலுக்குத்தான். இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவரை 1991இல் கோகோயின் சோதனையில் பிடித்து 15 மாதம் தடை விதித்தபோது, அதுவரை எல்லோரும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

யார் என்ன செய்தாலும் சிலரை மீட்க முடியாது என்பதையும் நான் மறுக்கவில்லை. பிரேசில் வீரர் அட்ரியானோவுக்கு 2004இல் அப்பா இறந்தார். செய்தி வந்தபோது அவர் அலறிய அலறலை அப்போது அவர் ஆடிய இத்தாலிய அணி இன்டர் மிலானின் கேப்டன் சனெட்டி வெகுகாலம் கழித்தும் சொல்லி வருந்தினார். சொந்தத் தம்பியைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சனெட்டியும் கிளப் உரிமையாளர் மொராட்டியும் அன்றே முடிவு செய்தார்கள். விடுப்புக் கொடுத்தார்கள், பொறுத்தார்கள். கடைசியில் 2009இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊருக்குப் போனவர் அதே வருடம் ஃபிளமெங்கோ அணிக்குப் பிரேசில் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். கால் மறக்கவில்லை, துக்கம்தான் விடவில்லை. நம் பையனுக்கும் அப்பா இல்லை. லாரி ஓட்டப் போன இடத்தில் விபத்தில் போய்விட்டார். அம்மா சீசனுக்குச் சீசன் மாங்கூழ் கம்பெனி வேலைக்குப் போகிறவர், மற்ற நாளில் நூறு நாள் வேலை. இரவில் இவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை.

நம் பக்கத்துப் பையன்களுக்குக் கால்பந்தில் கோடி எதுவும் கிடைக்கப்போவதில்லை. ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அவ்வளவுதான் கனவு. வேலைக்குத் தேர்வானால் போலீஸ் விசாரணை உண்டு, வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால்தான் வழக்கை மூடிவிடத் துடிக்கிறார்கள். குடித்து வண்டி ஓட்டினால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது. பையனை நீதிமன்றத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். வக்கீல் வைத்துத் தருகிறோம். பொய் சொல்லி மட்டும் தப்பிக்கக் கூடாது.

கமிட்டியில் கடைசியாக என் பேச்சு எடுபட்டது. பொங்கல் போட்டியில் அவன் ஆடக் கூடாது. ஆனால் தினமும் காலையில் பயிற்சிக்கு வர வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். பெரியவர் செலவில் ஒரு பகுதியைத் தன் உழைப்பில் அடைக்க வேண்டும். இதை அணியின் முன் படித்தபோது சின்னப் பையன் ஒருவன் எழுந்து, "போன வருடம் மாற்று கோல்கீப்பர் குடித்துவிட்டு வந்தபோது விசாரிக்காமலேயே அனுப்பிவிட்டீர்களே, கோல் அடிக்கிறவனுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் ஒரு எழுத்து தவறில்லை. அந்த கோல்கீப்பர் பையன் இப்போது ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். ஆள் அனுப்பி அவனையும் அதே நிபந்தனையில் வரச் சொல்லியிருக்கிறோம்.

பெரியவரைப் பார்க்கப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கால் கட்டோடு படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே காலி தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இந்த முறை தக்காளி பறிக்க ஆள் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று என்றார் அவர் மனைவி. அதைச் சொன்னபோது அவர் பார்த்தது என்னை, பையனை அல்ல. அவன் எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அவனே குனிந்து பெரியவர் காதருகில் ஏதோ சொன்னான். அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் தக்காளி பறிக்கத் தானே வருவதாக அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தான், போகவும் செய்தான். இன்று காலை மைதானத்தில் அவன்தான் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டான். கயிறு கட்டி, ஒரு விரல் அளவு கூடக் கோணாமல் போட்டிருந்தான்.

இப்போது உதவி. பஸ்பி ஃபுல்லவே அம்மாளிடம் கேட்டதைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். உன் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் அவனை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமா? அந்தக் கூட்டாளிகளை விட்டு ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் அவன் இருக்க வேண்டும். அது வரை இங்கே தினப் பயிற்சியை முடித்துவிடுவான். தை பிறந்ததும் அனுப்புகிறேன், பிறகு சனி ஞாயிறு மட்டும் இங்கே வந்தால் போதும். கைவேலை சுத்தமாகச் செய்வான், அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் எனக்குச் சம்பளத்தை விட முக்கியம், இரவு ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்கு வந்துவிட்டானா, சாப்பிட்டானா என்று பார்க்க ஓர் ஆள். குடித்துவிட்டு வந்தால் உடனே எனக்குச் சொல், மறைக்காதே. திரும்பத் திரும்பத் தவறுவான் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். ஒரு தடவை தவறினான் என்று துரத்தாதே, சொல்லாமலும் விடாதே.

வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. அதனால் முதலில் உன் வீட்டுக்காரி, என் தங்கையிடம் கேள். பட்டறை மாடியில் படுக்க இடம் இருந்தால் அதுவே போதும், சாப்பாடு மட்டும் வீட்டில். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம், எனக்கு வருத்தமே இல்லை, வேறு இடம் பார்க்கிறேன். பதில் எழுத நேரமில்லை என்றால் புதன்கிழமைக்குள் போன் செய். வியாழக்கிழமை கமிட்டி மறுபடி கூடுகிறது.

அன்புடன்,
உன் மச்சான்