பழங்குடிக் குழந்தைகளின் பேச்சுத்திறனைத் தாய்மொழியிலேயே பரிசோதிக்கக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு நீலகிரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: பந்தலூர், கூடலூர் வட்டப் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் குழந்தைகளின் பேச்சுப் பரிசோதனை, பயிற்சி தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் முன்பு அளித்த மனுக்களுக்குப் பதில் வராததால், தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் மீண்டும் கொண்டுவருகிறோம்.

1. பேச்சுப் பரிசோதனை முகாம்களில் தமிழ்ப் பட அட்டைகளை வைத்தே பரிசோதிக்கிறார்கள். பணியர் பேச்சு மலையாளத்தை ஒட்டியது. காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்தை ஒட்டியது. நான்கு வயதுப் பிள்ளையிடம் ரயில் படத்தை நீட்டி "இது என்ன?" என்கிறார்கள். பந்தலூர்ப் பக்கம் தண்டவாளமே கிடையாது என்பது தாங்கள் அறியாததல்ல. படம் தெரிந்ததாக இருந்தாலும், பெரியவர் தமக்கே தெரிந்ததை ஏன் கேட்கிறார் என்று பிள்ளை விழிக்கும், வாய் திறக்காது. உடனே "பேச்சு வளர்ச்சித் தாமதம்", சில சமயம் "அறிவுத்திறன் குறைபாடு" என்று தாளில் ஏறிவிடுகிறது. அதே பிள்ளை வெளியே வந்ததும் அக்காவிடம் நண்டு பிடித்த கதையை நிறுத்தாமல் சொல்லும். அதை யார் குறித்துக்கொள்கிறார்கள்? உண்மையிலேயே குறைபாடுள்ள பிள்ளையையோ "இவர்களுக்குத் தமிழ் இப்படித்தான் வரும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

2. முதலில் காதைப் பார்க்க வேண்டும். சீழ், குறும்பி, செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருந்தால் சிகிச்சைக்குப் பிறகே பேச்சுப் பரிசோதனை. தகரக் கூரையில் மழை அறையும்போது எடுத்த கேள்திறன் அளவு செல்லாது. பிறகு பாட்டியோடோ உடன்பிறப்போடோ பேசவிட்டு, குறைந்தது 50 வாக்கியங்களைப் பதிவு செய்து, அதே குடியிருப்பின் ஒத்த வயதுப் பிள்ளையின் பேச்சோடு ஒப்பிட வேண்டும். தாய்மொழியிலும் தடுமாறினால்தான் குறைபாடு. தமிழில் மட்டும் தடுமாறினால் அது தமிழ் இன்னும் பழகாதது, அவ்வளவுதான்.

3. மொழிபெயர்ப்பவர் அதே சமூகத்தவராக, பயிற்சியும் ஊதியமும் பெறுபவராக இருக்கட்டும். பழக்கமில்லாதவர் பிள்ளையின் குழறலைத் தாமே திருத்தி முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவார். கண்டுபிடிக்க வேண்டிய பிழை அங்கேயே காணாமல் போகும்.

4. பயிற்சி குடியிருப்பிலேயே, வீட்டார் பேசும் மொழியிலேயே நடக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய் வாராவாரம் கூலியை இழந்து உதகைக்கு வர முடியுமா ஐயா? திரும்புகையில் இருட்டினால் வழியில் யானை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு இருப்பிடத்தின் அருகிலேயே இலவசச் சிகிச்சை என்கிறது. பந்தலூருக்கு உதகை அருகிலா?

5. பட அட்டையை மாற்றுங்கள் ஐயா. அதுவரை, தமிழில் மட்டும் சோதித்து எழுதிய முடிவுகளை நிறுத்திவைத்து, அப்பிள்ளைகளைத் தாய்மொழியில் மறுபரிசோதனை செய்ய ஆணையிடுங்கள். இம்முறையாவது எழுத்துமூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பெற்றோர்