தகப்பனாரைக் காத்தவர்களுக்கும் சுமந்தவர்களுக்கும்

எங்கள் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து, நாற்பதாம் நாள் ஜெபமும் முடிந்த பிறகு இந்த மடலை எழுதுகிறோம். முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் யாரென்று விசாரித்து அறியவே இவ்வளவு நாள் ஆயிற்று. அறிந்துகொண்ட பின்பும், பெயர் எதுவும் எழுத வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் ஊரையும் ஆளையும் குறிப்பிடாமலேயே எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பாளையங்கோட்டையில் அவருடைய உயிர் பிரிந்தது. எங்கள் தாயாரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தம்மை வைக்க வேண்டும் என்று அவர் எங்களிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஆகவே மழையைப் பொருட்படுத்தாமல் மாலையிலேயே ஆம்புலன்சில் ஊருக்குப் புறப்பட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது என்பதும், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. திருச்செந்தூர் சாலையில் பாதி வழி வந்தபோது முன்னாலும் வெள்ளம், பின்னாலும் வெள்ளம். மேடாக இருந்த உங்கள் ஊரில், இருட்டில், சவத்தோடு வந்து நின்றவர்களைப் பார்த்து நீங்கள் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை. சமுதாய நலக்கூடத்தின் சாவியைத்தான் தேடினீர்கள்.

எங்கள் தகப்பனார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்ற பின் முப்பது ஆண்டுக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை தாவீது கோலியாத்தை வென்றதல்ல. யாபேஸ் கீலேயாத் ஊராரின் கதை. அம்மோனியனாகிய நாகாஸ் அந்த ஊரை முற்றுகையிட்டு, ஒவ்வொருவருடைய வலது கண்ணையும் பிடுங்கினால்தான் உடன்படிக்கை செய்வேன் என்றபோது, ஏர்மாடுகளை ஓட்டிக்கொண்டு வயலிலிருந்து வந்த இஸ்ரவேலின் அரசன் சவுல் படை திரட்டிப் போய் அவர்களை மீட்டான். அதற்கு நெடுங்காலத்துக்குப் பின் கில்போவா மலையில் சவுலும் அவனுடைய மூன்று குமாரரும் மாண்டார்கள். பெலிஸ்தர் அவனுடைய தலையை வெட்டி, உடலைப் பெத்சானின் மதிலில் தூக்கி வைத்தார்கள். இஸ்ரவேலர் தங்கள் பட்டணங்களை விட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த வேளையில், யாபேசின் ஆட்கள் மட்டும் யோர்தானைக் கடந்து இரவு முழுவதும் நடந்து போய், அந்த உடல்களை இறக்கி எடுத்து வந்து, எரித்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். செத்த அரசனால் அவர்களுக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்களில் ஒருவருடைய பெயரும் வேதத்தில் எழுதப்படவில்லை என்பதை, உங்கள் வேண்டுகோளைக் கேட்ட பிறகுதான் நாங்கள் கவனித்தோம்.

எங்கள் ஊர் இளைஞர் எட்டுப் பேருக்கு இந்தக் கதை தெரியும். அவர்கள் அவரிடமே கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை செல்போன் எதுவும் வேலை செய்யாத நிலையில், பால்காரர் ஒருவர் வாய்வழியாகக் கொண்டுவந்த செய்தியை நம்பி, அன்றிரவே கயிற்றையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார்கள். செவ்வாய் விடியலில், டிராக்டர் போன மட்டும் டிராக்டரிலும், அது நின்ற இடத்திலிருந்து தோளிலுமாக அவரைக் கொண்டுவந்தார்கள். "வாத்தியார் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். யாபேசாரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் யாபேசாருக்கு ஒரு பழைய கடன் இருந்தது. வழியில் எங்களை ஏற்றுக்கொண்ட உங்களுக்கு எந்தக் கடனும் இல்லை. இரண்டு இரவும் ஒரு பகலும், மின்சாரமும் குளிர்பெட்டியும் ஐஸ் கட்டியும் இல்லாத அந்தக் கூடத்தில், சாம்பிராணி போட்டு, வேப்பிலையால் ஈ ஓட்டி, வாசலில் நாய் ஏறாமல் முறைவைத்துக் காத்திருந்தது உங்கள் ஊர்ப் பெண்கள். எங்கள் அக்காள் அழுது ஓய்ந்து தூங்கிவிட்ட நேரத்திலும் நீங்கள் தூங்கவில்லை.

சவுலின் மறுமனையாட்டியான ரிஸ்பாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சவுலின் குடும்பத்தில் ஏழு ஆண்கள் மலையின்மேல் கொன்று தூக்கப்பட்டார்கள். அவர்களில் இருவர் அவள் பெற்ற பிள்ளைகள். அடக்கம் செய்ய அவளுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அவள் இரட்டுப் புடவையைப் பாறையின்மேல் விரித்து உட்கார்ந்து, வாற்கோதுமை அறுப்பின் தொடக்கம் முதல் வானத்து மழை பெய்யும் வரைக்கும், பகலில் பறவைகளும் இரவில் காட்டு மிருகங்களும் அவர்களைத் தொடவிடாமல் காத்தாள். தன் பிள்ளைகள் இருவரை மட்டும் அவள் காக்கவில்லை. இன்னொருத்தி பெற்ற ஐவரையும் சேர்த்தே காத்தாள் என்பதை நாங்கள் இத்தனை ஆண்டு படித்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். அவள் மழை வரக் காத்திருந்தாள், நாம் மழை விடக் காத்திருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதன்கிழமை அடக்க ஆராதனைக்காகச் சேறும் சகதியுமான வழியில் வந்த சேகரகுருவானவருக்கும், சபை ஊழியருக்கும், துக்கமணி அடிக்க ஏறிய கோயில்பிள்ளைக்கும் நன்றி. ஊறிக்கொண்டே இருந்த குழியை டீசல் மோட்டார் வைத்து இறைத்துக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. தங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதே பெட்டி செய்ய உட்கார்ந்த தச்சருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கரான அவர், விருந்தில் உட்கார்ந்த தோபித்து தெருவில் ஒரு பிணம் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனதை எங்களுக்குச் சொன்னார். எங்கள் வேதாகமத்தில் இல்லாத அந்தத் தோபித்து புத்தகத்தை இப்போதுதான் படித்து முடித்தோம்.

சவுலை அடக்கம் செய்தவர்கள் யாரென்று கேள்விப்பட்டதும், சவுலுக்குப் பின் யூதாவில் அரசனான தாவீது யாபேசுக்கு ஆள் அனுப்பி, அவர்கள் தங்கள் ஆண்டவனாகிய சவுலுக்குச் செய்த தயவுக்காகக் கர்த்தர் அவர்களை ஆசீர்வதிக்க வேண்டும் என்றும், தானும் அவர்களுக்கு நன்மை செய்வேன் என்றும் சொல்லச் சொன்னான். அங்கே "தயவு" என்று நாம் படிப்பது எபிரெயத்தில் ஹெசெத் என்னும் சொல். உறவில் கைவிடாத உறுதியும் இரக்கமும் சேர்ந்த பொருள் அதற்கு உண்டு. யாக்கோபு தன்னை எகிப்தில் அடக்கம் செய்யாமல் தன் பிதாக்களோடு வைக்கும்படி தன் மகன் யோசேப்பிடம் கேட்கும்போதும் இதே சொல் வருகிறது. செத்தவரால் கைம்மாறு செய்ய முடியாது. ஆகவே அவருக்குச் செய்வதே உண்மையான ஹெசெத் என்று யூத மரபு அதற்கு விளக்கம் சொல்லும்.

ஆனால் தாவீதின் அந்த நன்றி எங்களுக்கு முழு நிறைவு தருவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். யூதா வம்சத்தார் தன்னை அரசனாக அபிஷேகம் செய்துவிட்டார்கள் என்று அதே செய்தியின் முடிவில் அவன் நினைவூட்டுகிறான். அரசியல் அதில் கலந்திருக்கிறது. ரிஸ்பாள் செய்தது காதில் விழுந்த பிறகுதான், அவனே யாபேசுக்குப் போய்ச் சவுலின் எலும்புகளையும் அவனுடைய மகன் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவந்து, சேலாவில் சவுலின் தகப்பனாகிய கீசின் கல்லறையில் சேர்த்தான். சொல்லாக இருந்த நன்றியை அந்தப் பெண்தான் செயலாக்கினாள்.

எங்கள் கணக்கிலும் செயல் மீதி இருக்கிறது. முதல் இரவு அவர்மேல் போர்த்த ஒரு பாட்டி எடுத்துத் தந்த புதுச் சேலையை அவரோடேயே அடக்கம் செய்துவிட்டோம். அதைத் திருப்பித் தர முடியாது. டிராக்டரில் எங்களோடு வந்துவிட்ட இரண்டு அரிக்கேன் விளக்குகளும் ஒரு பித்தளைச் செம்பும் பத்திரமாக இருக்கின்றன. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவற்றோடு உங்கள் ஊருக்கு வருகிறோம். பாட்டியின் வீடு எதுவென்று மட்டும் யாராவது காட்டித் தர வேண்டும்.

இப்படிக்கு,
அன்னாரின் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்