‘தெரியாது’ என்பதும் விடைதான்: விவாத நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மாணவர்களுக்கான தமிழ் விவாதப் போட்டிகளை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி நடந்த ஒரு விவாதத்தைப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கேட்ட முன்னாள் தமிழாசிரியை நான். “உங்கள் வீட்டில் தமிழைப் புறக்கணிப்பதை நிறுத்திவிட்டீர்களா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்று ஒரு மாணவியிடம் எதிரணி மாணவர் கேட்டார். ஆம் என்றால் நேற்றுவரை புறக்கணித்ததாகும்; இல்லை என்றால் இன்றும் புறக்கணிப்பதாகும். “நாங்கள் புறக்கணித்தோம் என்பதையே நான் ஏற்கவில்லை” என்று அந்த மாணவி தொடங்கியபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நடுவரே இடைமறித்தார்.

அடுத்து, வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் இந்நாட்டில் எத்தனை விழுக்காடு என்று கேட்கப்பட்டது. “அந்த எண் எனக்குத் தெரியாது, ஆனால் அது குறைந்துவருகிறது என்பதே என் வாதம்” என்றார் மாணவி. பத்து விழுக்காடு என்று எதிரணி அடித்துச் சொன்னது, அரங்கம் கைதட்டியது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. எதிரணி வென்றதில் எனக்கு வருத்தமில்லை. தெரியாததைத் தெரியாது என்றவருக்குப் ‘போதிய தயாரிப்பு இல்லை’ என்று புள்ளி குறைத்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் விடையை நான்காக வகுக்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல் (கேள்வியைப் பிரித்து விடை சொல்வது), வினாவின் விடுத்தல் (திருப்பிக் கேட்பது), வாய்வாளாமை (விடை சொல்லாதிருப்பது). முட்டை முந்தியதா, பனை முந்தியதா என்று கேட்டால், எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆகாயப் பூ பழையதா, புதியதா என்று கேட்டாலோ விடை சொல்லாதிருப்பதே முறை. ஏனெனில் பழையது என்றாலும் புதியது என்றாலும் இல்லாத பூவை இருப்பதாக ஒப்புக்கொண்டவர்களாவோம். அந்த மாணவியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அத்தகைய பூவைப் பற்றியதுதான். இலக்கண நூலான நன்னூல் சொல்லும் எண்வகை விடைகளிலும் கேள்வியைக் கேள்வியால் எதிர்கொள்வது ஒன்றாக இருக்கிறது. வகுப்பில் இவற்றைக் கற்பித்துவிட்டு, மேடையில் ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும் நாம் அனுமதிப்பது எப்படிப் பொருந்தும்?

ஆகவே, கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அனுமானத்தைப் பிரித்துக் காட்ட மாணவருக்கு அரை நிமிடமாவது கொடுங்கள். ‘தெரியாது’ என்று சொல்லி, அந்த அறியாமை தம் வாதத்தை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்றும் விளக்குபவருக்குப் புள்ளி குறைக்காதீர்கள். ஆதாரம் கேட்டபோது காட்ட முடியாத எண்ணுக்குக் குறையுங்கள். அடுத்த ஏப்ரலுக்கு முன் மதிப்பீட்டுத் தாளில் இம்மாற்றங்களைச் சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு முன்னாள் தமிழாசிரியை